காரில் வேண்டுமென்றே போட்ட கீறல்: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள், முன் ஃபெண்டரில் தொடங்கி டிக்கி வரை யாரோ சாவியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள நெருக்கமான தெருக்கள், காட்பாடி ஸ்டேஷன் பக்கம், சத்துவாச்சாரி, பாகாயம் குடியிருப்புகள் என்று எங்கிருந்தும் இப்படிக் கார்கள் எங்கள் டிங்கரிங், பெயிண்டிங் கடைக்கு வருகின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடும் வருத்தத்தோடும் வருகிறார்கள். அந்த அவசரத்தில் "மூணு பேனலையும் அடிச்சுக் கொடுத்துடுங்க" என்று, அதாவது கோடு பட்ட கதவு, ஃபெண்டர் எல்லாவற்றுக்கும் முழுதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அது தேவையே இல்லை. அப்படி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

கீறலைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

கையால் தேய்க்காதீர்கள், துணியாலும் தேய்க்காதீர்கள். போனை எடுத்து போட்டோ பிடியுங்கள். தூரத்தில் இருந்து காரும் தெருவும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, கீறல் முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் சில. இன்சூரன்ஸுக்கோ போலீஸுக்கோ போவதாக இருந்தால் இவைதான் கைகொடுக்கும். பக்கத்துக் கடையிலோ எதிர் வீட்டிலோ சிசிடிவி இருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள். அந்தப் பெட்டிகள் பழைய பதிவை அழித்துத்தான் புதியதைப் பதிகின்றன. ஒரு வாரம் கழித்துப் போனால் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் தண்ணீரும் கார் ஷாம்புவும் போட்டுக் கழுவி, நிழலில் காய விடுங்கள். தூசியோடு இருக்கும்போது கீறல் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். கழுவியபின் பாதிக் கோடு காணாமல் போவதும் உண்டு. சாவியில் இருந்த அழுக்கும் உலோகத் துகளும்தான் அங்கே கோடாகத் தெரிந்திருக்கும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கார் தகட்டின் மேல் ஒரே ஒரு பெயிண்ட் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் முதலில் பாடி முழுவதையும் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தித் துருத் தடுப்புப் பூச்சைப் பிடிக்க வைக்கிறார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல் கலர். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். பளபளப்பைத் தருவதும் வெயிலின் புற ஊதாக் கதிர் கலரைத் தாக்காமல் தடுப்பதும் இந்த மேல் அடுக்குதான்.

காய்ந்த இடத்தில் கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் கீறல் கிளியரோடு நின்றிருக்கிறது. தடுத்தால் அதற்குக் கீழே போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் பாலிஷிலேயே சரியாகும். ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் கலர் போயிருக்கிறது. பள்ளத்தின் அடியில் சாம்பல் நிறமோ வேறு மங்கலான நிறமோ தெரிந்தால் பிரைமர். பளிச்சென்று வெள்ளி மாதிரி மின்னினால் இரும்பு. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக்.

வேண்டுமென்றே இழுத்த கோட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சுவரில் உரசினால் அகலமாக, ஒரே ஆழத்தில் தேய்ந்திருக்கும். சாவிக் கோடு அப்படி இருக்காது. கையை வைத்து அழுத்திய இடத்தில் ஆழம், நடந்துகொண்டே இழுத்த இடத்தில் மேலோட்டம், கதவின் மடிப்பு மேட்டில் மறுபடி ஆழம். எனவே ஒரு இடத்தில் மட்டும் நகம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒரு முறை பாருங்கள். முக்கால்வாசி பாலிஷில் போய், நான்கைந்து இடத்தில் மட்டும் டச்-அப் (கீறலின் பள்ளத்துக்குள் மட்டும் பெயிண்ட் வைப்பது) தேவைப்படும் கோடுகள் நிறைய.

மொத்தமாக பேனலையே அடித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடாதா? ஏன் தயங்க வேண்டும்?

பார்வைக்குப் புதுசு மாதிரி ஆகும். ஆனால் கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஒரு முறை போனால் போனதுதான், எந்தக் கடையாலும் அதைத் திரும்பத் தர முடியாது. தொழிற்சாலையில் வயரிங், கண்ணாடி, பிளாஸ்டிக், சீட் எதுவும் பூட்டாத வெறும் பாடியைச் சூளைக்குள் அனுப்புகிறார்கள். துருத் தடுப்புப் பூச்சைச் சுமார் 170 டிகிரியிலும், மேல் பூச்சைச் சுமார் 140 டிகிரியிலும் சுடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பெயிண்ட் அடிப்பதற்கென்றே நல்ல மூடிய அறை (பூத்) வைத்திருக்கும் கடையில்கூட 60 டிகிரியில் அரை மணி நேரம் அளவுக்குத்தான் சூடு காட்டுவார்கள். அதற்கென்றே, பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த வேறு வகை பெயிண்டைப் பயன்படுத்துகிறோம். அது நல்ல பெயிண்ட்தான், ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனாலும் ஒரு முடியளவு கோட்டுக்காக, அதைச் சுற்றி நன்றாக இருக்கும் ஒரு முழுக் கதவின் கம்பெனி பெயிண்டை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து எடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

குறைந்தபட்ச வேலையில் இருந்து தொடங்குங்கள். பாலிஷில் போகிறதா, பாருங்கள். போகவில்லையா, டச்-அப். அதுவும் கண்ணை உறுத்துகிறதா, அப்போது பேனல். மேலே போக எப்போதும் வழி உண்டு. பேனலை அடித்த பிறகு கீழே இறங்க வழி கிடையாது.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறதே?

எண்ணெய் பள்ளத்தை நிரப்புவதால் வெளிச்சம் சிதறாமல் கோடு மறைந்த மாதிரி தெரியும். இரண்டு முறை கழுவினால் திரும்ப வந்துவிடும். கெடுதல் அதற்குப் பிறகுதான். பள்ளத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் டச்-அப் பெயிண்ட் பிடிக்காது, உரிந்து வரும். வாக்ஸ், சிலிகான் கலந்த டாஷ்போர்டு பாலிஷ், துரு எடுக்கும் ஸ்பிரே எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் அடித்தால் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகும்.

டூத்பேஸ்ட் மிக லேசாகத் தேய்க்கும் பொருள். நகம் தடுக்காத மெல்லிய கோட்டில் கொஞ்சம் வேலை செய்யும், அதற்கு மேல் எதுவும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரை மட்டும் காரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு கோட்டோடு வந்திருக்க வேண்டிய கார், அது பட்டதால் கதவு முழுவதும் மங்கிப் போய் வருவது சர்வசாதாரணம்.

பாலிஷ் என்றால் கடையில் என்ன செய்கிறார்கள்?

கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் அடி வரை கொண்டுவருகிறார்கள். கோடு ஓரளவு ஆழமாக இருந்தால் முதலில் 2000 அல்லது 2500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள், பிறகு 3000. அதன் பின் மெஷினில் காம்பவுண்ட் என்னும் தேய்க்கும் பசை, கடைசியில் ஃபைன் பாலிஷ். ஒவ்வொரு முறையும் கிளியரில் சில மைக்ரான் குறையும். இருப்பதே 35, 50 தான் என்பதை நினைவில் வையுங்கள். "ரப்பிங் போட்டா எல்லாம் போயிடும்" என்று சொல்லிவிட்டு, ஒரே இடத்தில் மெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் காரை விடாதீர்கள். கதவின் ஓரம், மடிப்பு மேடு ஆகிய இடங்களில் கிளியர் மெல்லிசாகத்தான் இருக்கும், அங்கே சீக்கிரம் அறுந்துவிடும். அறுந்தது உடனே கண்ணுக்குத் தெரியாது. வேலூர் வெயிலில் இரண்டு கோடை போனதும் அந்த இடம் வெளுத்து, தோல் உரிகிற மாதிரி உரியத் தொடங்கும்.

ஆழமான கோட்டை முழுவதுமாக அழிக்க முயல வேண்டாம். அதன் கூர்மையான விளிம்புகளை மழுக்கினாலே பாதி மறைந்துவிடும். மீதியோடு வாழலாம்.

டச்-அப் வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பொறுமை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

முதலில் உங்கள் காரின் கலர் குறியீடு (கலர் code) வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ இருக்கும். கார் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். "வெள்ளை" என்று சொல்லி வாங்காதீர்கள், ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று வெள்ளை உண்டு. அந்தக் குறியீட்டைச் சொல்லி ஷோரூம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரிலோ ஆன்லைனிலோ டச்-அப் பெயிண்டும், கூடவே கிளியரும் வாங்குங்கள்.

கீறலையும் சுற்றியுள்ள இடத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போக வேண்டும். இரும்பு வரை போன இடத்தில் துரு எட்டிப் பார்த்தால் சின்னதாக மடித்த வாட்டர் பேப்பர் முனையால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி எடுத்து, முதலில் ஒரு சொட்டு பிரைமர் வையுங்கள். கீறலின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கை நடுங்கினாலும் பயமில்லை.

பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மிக மெல்லிய ஓவியப் பிரஷோ, பல் குத்தும் குச்சியோ அதை விட மேல். பெயிண்டைக் கோட்டின் மேல் பூசக் கூடாது, பள்ளத்துக்குள் மட்டும் இறங்க விட வேண்டும். மெல்லிசாக ஒரு தடவை, அரை மணி நேரம் காத்திருந்து இன்னொரு தடவை. ஒரே மூச்சில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், பிறகு அமுங்கும். காயும்போது பெயிண்ட் சுருங்கும் என்பதால் மூன்று நான்கு தடவையாவது வரும். கலர் பள்ளத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தி, அதன் மேல் கிளியர். கிளியர் மட்டும் மட்டத்தை விடத் துளி மேலே நிற்கட்டும்.

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே தேய்த்து மட்டப்படுத்தப் பார்ப்பார்கள், பெயிண்ட் பிய்ந்து வந்துவிடும். ஒரு வாரம் விடுங்கள். பிறகு சின்ன ரப்பர் துண்டில் 2500 பேப்பரைச் சுற்றி, நனைத்து, மேடாக நிற்கும் கிளியரை மட்டும் மெதுவாகத் தேய்த்து, 3000 போட்டு, கையாலேயே காம்பவுண்ட் போட்டு முடியுங்கள். தேய்க்கவே தைரியம் வரவில்லையா? அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, துருவும் பிடிக்காது.

நம்ம ஊர் வெயிலில் எப்போது செய்யலாம்?

காலை எட்டு மணிக்கு முன்னால், அல்லது வெயில் சாய்ந்து தகடு ஆறிய பிறகு. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். வெயிலில் நின்ற பானெட்டைத் தொடவே முடியாது. சுட்ட தகட்டில் வைத்த பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து மேடு தட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது கிளியர் பால் மாதிரி வெளுக்கும். தை, மாசி நல்ல காலம். ஆனால் கீறல் இரும்பு வரை போயிருந்தால் தை வரை காத்திருக்க வேண்டாம். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தாலே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, போர் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள பகுதிகளில் கழுவிய தண்ணீரைக் காரிலேயே காய விடாதீர்கள். திறந்த கீறலுக்குள் உப்பு தங்கினால் துரு சீக்கிரம் வரும். துடைத்துவிடுங்கள்.

கோடு இல்லை, எழுத்தே எழுதியிருக்கிறார்கள். கெட்ட வார்த்தை. என்ன செய்வது?

இது வந்தால் மனது மிகவும் புண்படும், குடும்பத்தோடு அந்தக் காரில் ஏறவே கூசும். போட்டோ எடுத்துக்கொண்டு, முதலில் அதன் மேல் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டிவிடுங்கள். கடைக்கு வரும் வரை யாரும் படிக்க வேண்டியதில்லை. ஓரிரு நாளுக்கு மேல் வெயிலில் விட்டால் டேப்பின் பசை ஊறிவிடும், சீக்கிரம் வந்துவிடுங்கள்.

எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. கண் வார்த்தையைத் தேடும். ஒரு நேர்க்கோட்டை டச்-அப் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்தை டச்-அப் செய்தால் சாய்ந்த வெளிச்சத்தில் திரும்பவும் படிக்க வரும். எனவே எழுத்து ஆழமாக இருந்தால் பேனல் அடிப்பதையே நான் சொல்வேன். பெயிண்டர் பட்டி வைத்து மட்டப்படுத்தி, பிரைமர் அடித்துத் தேய்த்தபின், கலர் அடிப்பதற்கு முன் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எழுத்தின் நிழல் தெரிந்தால் கலருக்குப் பிறகும் தெரியும்.

பம்பரில் போட்டிருந்தால்?

துருப் பயம் இல்லை, அவசரமும் இல்லை. முழுதாக அடிப்பதாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் போடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அது இல்லாமல் அடித்தால் ஆறு மாதத்தில் செதில் செதிலாக வரும்.

பேனல் அடிப்பதுதான் வழி என்றால், நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையைக் கேட்பதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். கதவுக் கைப்பிடி, பீடிங், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி அடிப்பார்களா, டேப் ஒட்டி அடிப்பார்களா? டேப் ஒட்டி அடித்த இடத்தில் விளிம்பு கட்டி நின்று, ஓரத்தில் இருந்துதான் உரியத் தொடங்கும். கிளியர் ஹார்டனர் கலக்கும் டூ-கே வகைதானா? மூடிய பூத் இருக்கிறதா? பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத் திறந்த ஷெட்டில் லாரி போகும்போதெல்லாம் புழுதி எழும். அங்கே கை தேர்ந்த பெயிண்டர் இருந்தாலும் கிளியரில் தூசி உட்காரும், அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

பெயிண்டர் முகத்தில் என்ன மாஸ்க் போட்டிருக்கிறார் என்றும் பாருங்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், தொழில் வழி ஆஸ்துமாவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். கர்சீப்பைக் கட்டிக்கொண்டு தினமும் அடிக்கிற பையன்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஃபில்டர் வைத்த மாஸ்க் தரும் கடைக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தகும். அதே காரணத்துக்காக, வீட்டு போர்ட்டிகோவில் நீங்களே டூ-கே கிளியர் அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடித்த கதவு மட்டும் தனியாகத் தெரிகிறதே, ஏன்?

கலர் குறியீடு சரியாக இருந்தாலும் உங்கள் கார் சில வருடம் வெயிலில் நின்று கொஞ்சம் மாறியிருக்கும். நல்ல பெயிண்டர் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய் அதற்கு ஒப்பிட்டுக் கலக்குவார். ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, வெளியே வெயிலில் காரோடு வைத்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒத்துப்போன கலர் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

சாதா வெள்ளை எளிது. சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் கலரில் அலுமினியத் துகள் படியும் விதத்தைப் பொறுத்து சாயல் மாறும், ஸ்பிரே கன்னின் தூரம், காற்றழுத்தம், கை வேகம் எல்லாம் சேரும். அதனால்தான் பக்கத்துப் பேனலின் பாதி வரை கலரை மங்கலாகப் பரத்தி, கிளியரை முழுவதும் அடிக்கிறார்கள். ஒரு கதவுக்கு வந்து இரண்டு பேனலுக்குப் பில் போடுகிறார்களே என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். மெட்டாலிக்கில் அது ஏமாற்று இல்லை. பேர்ல் வெள்ளை இன்னும் கடினம். அடியில் வெள்ளை, நடுவில் முத்துக் கோட், மேலே கிளியர் என்று மூன்று நிலை. பேர்ல் வெள்ளை வைத்திருப்பவர்களை முடிந்த வரை டச்-அப்போடு நிற்கச் சொல்வேன்.

இன்சூரன்ஸில் கிளெய்ம் கிடைக்குமா? போடலாமா?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால், பிறர் கெட்ட எண்ணத்தோடு செய்த சேதமும் அதில் சேரும். வேலை தொடங்குவதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும். அடித்து முடித்துவிட்டு பில்லைக் கொடுத்தால் தர மாட்டார்கள். ஒரே சம்பவத்தில் மூன்று பேனலில் விழுந்த கோடு ஒரே கிளெய்ம். போன வருடம் பம்பரில் பட்டதை இதோடு சேர்க்க முடியாது.

கிடைக்கும் என்பது வேறு, போடலாமா என்பது வேறு. ஒரு உதாரணக் கணக்கு. பெயிண்டிங் பில் மொத்தமாக 12,000 ரூபாய். தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்க்கை இல்லாத பாலிசியில், மொத்த பில்லில் 25 சதவீதம் பெயிண்ட் பொருள் என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். 3,000-இல் பாதி 1,500. கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் கைக்கு வருவது 9,500.

இப்போது மறுபக்கம். நீங்கள் இரண்டு வருடம் கிளெய்ம் இல்லாமல் 25 சதவீத நோ கிளெய்ம் போனஸில் (பிரீமியத் தள்ளுபடி) இருக்கிறீர்கள், உங்கள் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் அந்தத் தள்ளுபடிக்கு முன் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்தடுத்த வருடங்களில் 35, 45, 50 சதவீதம் கிடைக்கும். போட்டால் 0, 20, 25. வித்தியாசம் முதல் வருடம் 4,200, அடுத்த இரண்டு வருடமும் 3,000 வீதம். மூன்று வருடத்தில் 10,200 போய்விடுகிறது. கார் பழசாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால் இந்தத் தொகையும் கொஞ்சம் குறையும். இருந்தாலும் லாபம் இல்லை. போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கை பாலிசியில் இருந்தாலோ, கோடு காரைச் சுற்றி ஓடி பில் முப்பதாயிரத்தைத் தொட்டாலோ தயங்காமல் போடுங்கள்.

போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா?

கொடுப்பது நல்லது. வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்துவது 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் வருகிறது. பொதுவாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் இரண்டு வருடம் வரை. அதனால் கடையில் எழுத்துமூலம் எஸ்டிமேட் வாங்கிப் புகாரோடு இணையுங்கள். சிறிய சேதமாக இருந்தால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதுவும் பதிவுதான். அதே தெருவில் திரும்ப நடந்தால் முதல் ரசீது உதவும்.

யார் செய்தது என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்தான். கேட்கலாமா?

கையில் வீடியோ இருந்தால், தனியாகக் கூப்பிட்டு அதைக் காட்டி, சரிசெய்யும் செலவைக் கேளுங்கள். பல இடங்களில் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆதாரம் இல்லாமல் சந்தேகத்தில் கேட்காதீர்கள். தவறாகச் சொல்லிவிட்டால் ஒரு தெருவில் முகம் பார்த்து வாழ முடியாது. அவர் கேட்டை மறித்துக் கார் நின்றதா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதற்காகக் கீறியது சரியாகிவிடாது. ஆனால் நிறுத்தும் இடம் மாறாவிட்டால் அடுத்த கோடு வர வாய்ப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு தாளில் போன் நம்பரைப் பெரிதாக எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். கூப்பிட ஒரு நம்பர் இருந்தால் சாவியை எடுக்க வேண்டிய கோபம் அநேகமாக வராது.

கீறாமல், பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இதையும் டச்-அப் செய்யலாமா?

முதலில் தண்ணீர். துடைக்காதீர்கள், ஓட ஓடத் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரண பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். நேரம் போகப் போகப் பெயிண்டை ஊறவைத்துக் கொப்புளிக்கச் செய்துவிடும். சில நிமிடங்களுக்குள் கழுவினால் தப்பலாம். கொப்புளித்துவிட்டால் அந்த இடத்தைச் சுரண்டி அடிப்பது தவிர வழியில்லை.

இனி வராமல் இருக்க செராமிக் கோட்டிங் போடலாமா?

சாவிக் கோட்டுக்கு அது தடுப்பு இல்லை. செராமிக் மிக மெல்லிய பூச்சு, தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் இருக்கத்தான் உதவும். பி.பி.எஃப். என்னும் ஒட்டு ஃபிலிம் வேறு. அது பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது உங்கள் பெயிண்ட் மொத்தத்தை விடத் தடிமன். லேசாக இழுத்த கோட்டை அது தாங்கும். அழுத்திக் கீறினால் ஃபிலிம் கிழியும், அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். விலை அதிகம். தினமும் தெருவில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால் நான்கு கதவுகளுக்கும் ஃபெண்டருக்கும் மட்டும் ஒட்டினால் போதும்.

புது பெயிண்ட் அடித்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு வாரம் ஷாம்பு, பிரஷர் வாஷ் வேண்டாம். ஒரு மாதம் வாக்ஸ், செராமிக், பி.பி.எஃப். எதுவும் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். காக்கை எச்சம் பட்டால் அன்றே நனைத்து எடுங்கள், புது கிளியரில் அது தழும்பு விடும்.

விற்கும்போது பெயிண்ட் அடித்தது தெரிந்துவிடுமா?

தெரியும். பழைய கார் வாங்குகிறவர்கள் இப்போது மைக்ரான் மீட்டரோடு வருகிறார்கள். 120 காட்ட வேண்டிய கதவு 250 காட்டினால் ஆக்சிடென்ட் வண்டியோ என்று சந்தேகப்படுவார்கள். ஆகவே கீறலோடு எடுத்த போட்டோ, பெயிண்டிங் பில், சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் ஆர்.சி. வைத்திருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். கோடு மட்டும்தான் விழுந்தது, தகடு நசுங்கவில்லை என்பதற்கு அந்தப் போட்டோவே சாட்சி. டச்-அப்போடு நிறுத்திய காரில் இந்தப் பேச்சே வராது. மீட்டர் கம்பெனி பெயிண்டின் அளவையே காட்டும்.